எந்தக் காலேஜ்? - அமெரிக்கக் குவாட்டர்பேக் ஜாதகம்

மே, ஜூன் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். புனேயோ, டெல்லியோ, வடோதராவோ, இரண்டு தமிழ்க் குடும்பங்கள் கோயிலில் சந்தித்துக்கொண்டால் மூன்றாவது வாக்கியம் "பையனுக்கு எந்தக் காலேஜ்?" என்பதாகத்தான் இருக்கும். நாங்கள் வங்கியில் செய்வதும் அதேதான். கல்விக் கடனுக்குப் பட்டியலே வைத்திருக்கிறோம். பெரிய பெயருள்ள கல்லூரி என்றால் வட்டி குறைவு, செக்யூரிட்டி கேட்பதில்லை. பெயரில்லாத கல்லூரி என்றால் அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்வோம்.

அமெரிக்காவில் இதே கேள்வியை ஒரு விளையாட்டு விஷயத்தில் எண்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் பெரும் பணக்காரர்கள். பதில் தப்பானால் கோடிக்கணக்கில் போகும், கோச்சின் வேலையும் போகும். அத்தனை பதில்களும் வருஷவாரியாக, பேரேட்டில் எழுதி வைத்த மாதிரி அச்சாகிக் கிடக்கின்றன. பி.காம். படித்த ஆளுக்கு வேறென்ன வேண்டும்!

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையால் வீசி, கையில் பிடித்து, கெஜம் கெஜமாக எதிராளியின் எல்லையை நோக்கி நகர்த்தும் ஆட்டம். (இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். என் மச்சினர் நியூஜெர்ஸியில் இருப்பதால் எனக்கு ஒட்டிக்கொண்ட வியாதி.) இதில் குவாட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. ஏறக்குறைய எல்லா முறையும் பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். எதிரே மலை மலையாக ஆட்கள் பாய்ந்து வர, இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு வீசுவது, யார் கையில் கொடுப்பது, தானே ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

இந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் பல்கலைக்கழக அணிகளிலிருந்து வருகிறவர்கள். தொழில்முறை அணிகள் அவர்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். 1935-ல் பிலடெல்பியா அணி முதலாளி பெர்ட் பெல் கொடுத்த யோசனை, 1936-ல் நடைமுறைக்கு வந்தது. போன வருஷம் கடைசியில் வந்த அணி முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கும், முதலில் வந்த அணி கடைசியில். எல்லா அணிகளும் சமமாக வளர வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அந்த முதல் டிராஃப்டின் முதல் பெயரே வேடிக்கை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர் குவாட்டர்பேக் அல்ல, ஆனால் 1935-ல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். இன்று ஹைஸ்மன் கோப்பை என்று கொண்டாடும் விருதை முதலில் வாங்கியவர். மனிதர் தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை! சம்பளம் ஒத்துவரவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். சிகாகோ பல்கலைக்கழகமும் 1939-ல் அந்த ஆட்டத்தையே விட்டுவிட்டது.

அதே 1939-ல் சிகாகோ பேர்ஸ் அணிக்கு வந்தவர் சிட் லக்மன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். படிப்புக்குப் பெயர்போன இடம்; பெரிய பந்தாட்டப் பண்ணை ஒன்றும் அல்ல. அங்கே அவர் கற்ற ஆட்டமுறை வேறு, பேர்ஸ் முதலாளி-கோச் ஜார்ஜ் ஹாலஸ் அவருக்காக வைத்திருந்த ஆட்டமுறை வேறு. குவாட்டர்பேக் நடு ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்று பந்தை வாங்கி, திரும்பி, ஏமாற்றி, வீசும் முறை அது. லக்மன் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தார். 1940 இறுதிப் போட்டியில் வாஷிங்டன் அணியைப் பேர்ஸ் 73-0 என்று துவைத்துக் காயப்போட்டது. அதன் பிறகு மற்ற அணிகளும் ஒவ்வொன்றாக அந்த முறைக்கே வந்தன. ஆக, இன்று நாம் பார்க்கும் குவாட்டர்பேக் வேலையைத் தொழில்முறையில் நிலைநாட்டியவரே அந்த வேலையைக் காலேஜில் கற்றவர் அல்ல.

இது ஒரு பக்கம். "அதெப்படி, பெயர் பெற்ற காலேஜ் என்று ஒன்று இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாட்டர் டேம் என்றால் அமெரிக்காவில் அப்படி ஒரு மவுசு. கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், நாடு முழுக்க ரசிகர்கள். அதன் குவாட்டர்பேக்குகளில் நான்கு பேர் ஹைஸ்மன் வாங்கியிருக்கிறார்கள்: 1943-ல் ஆஞ்சலோ பெர்டெல்லி, 1947-ல் ஜானி லுஜாக், 1956-ல் பால் ஹார்னங், 1964-ல் ஜான் ஹுவார்டே. இந்த நான்கு கணக்கையும் பார்ப்போம். பெர்டெல்லி உலகப் போருக்குப் போய் இவோஜிமாவில் சண்டையிட்டுத் திரும்பினார், ஆனால் முழங்கால் காயங்களால் தொழில்முறை ஆட்டம் சீக்கிரமே முடிந்தது. லுஜாக் நான்கே வருஷம் ஆடினார். ஹார்னங் புகழ்பெற்றார், ஆனால் குவாட்டர்பேக்காக அல்ல, பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவராக. ஹுவார்டே பெரும்பாலும் பெஞ்சில். அதே நாட்டர் டேமிலிருந்து ஹைஸ்மன் இல்லாமல், 1979-ல் 82-வது ஆளாக எடுக்கப்பட்ட ஒல்லிப் பையன் ஜோ மொன்டானா சான்பிரான்சிஸ்கோவுக்கு நான்கு சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தார். காலேஜ் ஒன்றுதான். எந்த மாணவனைக் காலேஜ் கொண்டாடியது, எந்த மாணவனை உலகம் கொண்டாடியது என்பது வேறு வேறாகிவிட்டது.

இன்னொரு உதாரணம் பர்டியூ. இண்டியானா மாநிலத்தில் இருக்கிறது, நம் பிள்ளைகள் இன்ஜினியரிங் எம்.எஸ். படிக்கப் போகும் அதே பர்டியூதான். அதற்கு 'குவாட்டர்பேக்குகளின் தொட்டில்' என்றே பட்டப்பெயர். சும்மா வந்ததல்ல. லென் டாசன், பாப் கிரீஸி, ட்ரூ பிரீஸ் என்று மூன்று பேர் அங்கிருந்து போய் சூப்பர் பவுல் வென்றிருக்கிறார்கள்.

ஆனால் மைக் ஃபிப்ஸும் பர்டியூதான். அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1970-ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு ஒரு நல்ல குவாட்டர்பேக் தேவை. ஃபிப்ஸ் மீது கண். அவரை எடுக்க மூன்றாவது இடம் வேண்டும், அது மயாமி அணியிடம் இருக்கிறது. மயாமி கேட்ட விலை, பால் வார்ஃபீல்ட் என்ற அருமையான பந்து பிடிப்பவர். பிரவுன்ஸ் கொடுத்தது. மயாமியில் அப்போது குவாட்டர்பேக் யார்? ஃபிப்ஸுக்கு முன்னால் பர்டியூவில் ஆடிய பாப் கிரீஸி! கிரீஸி வீச, வார்ஃபீல்ட் பிடிக்க, நல்ல கோச்சும் சேர, மயாமி 1972-ல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் 17-0 என்று முடித்தது (கிரீஸி கால் எலும்பு முறிந்து அந்த சீசனில் பாதிக்கு மேல் வெளியே இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்). மறு வருஷமும் கோப்பை. ஃபிப்ஸ் கிளீவ்லாந்தில் ஏழு வருஷம் தடுமாறினார். ஒரே தொட்டிலில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். ஒருவனுக்குப் போன இடத்தில் எல்லாம் இருந்தது. மற்றவனுக்கோ, அவனை வாங்குவதற்காகவே வீட்டுப் பாத்திரத்தை விற்றிருந்தார்கள்.

லென் டாசன் கதையில் காலேஜ் உண்மையாகவே உதவியது, ஆனால் நாம் நினைக்கும் வழியில் அல்ல. 1957-ல் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர், இரண்டு அணிகளில் ஐந்து வருஷம் பெஞ்சைத் தேய்த்தார். 1962-ல் போட்டி லீகில் டல்லஸ் அணியின் கோச் ஹேங்க் ஸ்ட்ராம் அவரைக் கூப்பிட்டார். ஸ்ட்ராம் பர்டியூவில் உதவி கோச்சாக இருந்தவர், டாசனை மாணவனாகப் பார்த்தவர். அந்த அணி பிறகு கான்சஸ் சிட்டிக்கு மாறி, 1970 ஜனவரியில் நான்காவது சூப்பர் பவுலை வென்றது. பட்டச் சான்றிதழ் செய்யாததை, 'பையனை எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தது செய்தது. மும்பையிலும் டெல்லியிலும் மாம்பலத்து மாமாவின் சிபாரிசில் முதல் வேலை வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி பெயரில்லாத பக்கத்துக்கு வருவோம். பிட்ஸ்பர்க்கில் பிறந்த ஜானி யூனைட்டஸுக்கு நாட்டர் டேமில் ஆட வேண்டும் என்று ஆசை. ரொம்ப ஒல்லி என்று திருப்பி அனுப்பினார்கள். லூயிவில் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு அது ஆட்டத்தில் யாரும் மதிக்காத இடம். 1955 டிராஃப்டில் சொந்த ஊர் ஸ்டீலர்ஸ் அணி அவரை ஒன்பதாவது சுற்றில், 102-வது ஆளாக எடுத்து, சீசன் தொடங்குமுன்னே வீட்டுக்கு அனுப்பியது. யூனைட்டஸ் கட்டட வேலைக்குப் போனார். வார இறுதியில் உள்ளூர் அணி ஒன்றுக்கு ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு ஆடினார். மனைவி, குழந்தை உள்ளவர்.

அதே 1955 டிராஃப்டின் முதல் ஆள் யார் தெரியுமா? ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஷா, குவாட்டர்பேக், எடுத்தது பால்டிமோர் கோல்ட்ஸ். மறு வருஷம் கோல்ட்ஸ் ஒரு மாற்று ஆள் வேண்டுமே என்று யூனைட்டஸைக் கூப்பிட்டது. ஷாவுக்குக் காலில் அடி. யூனைட்டஸ் உள்ளே போனார். வீசிய முதல் பந்தையே எதிரணி பிடித்துக்கொண்டு ஓடிப் புள்ளி எடுத்துவிட்டது! ஆனால் எடுத்து வெளியே போடவில்லை. 1958-ல் நியூயார்க்கில் கூடுதல் நேரம் வரை போன இறுதிப் போட்டியில் 23-17 என்று ஜயன்ட்ஸை வென்றார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த ஆட்டம் வேரூன்றியது அந்த ஒரு நாளில்தான் என்பார்கள். தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு எல்லை வீச்சு என்ற அவருடைய சாதனை 2012 வரை நின்றது. முறியடித்தவர் பர்டியூவின் ட்ரூ பிரீஸ்.

முதல் ஆளும் 102-வது ஆளும் ஒரே அணியில், ஒரே வேலைக்கு. வங்கியில் இப்படி ஒப்பிடக் கிடைக்காது. நிராகரித்த கடன் விண்ணப்பம் பின்னாளில் என்ன ஆனது என்று எந்தக் கிளையும் கணக்கு வைப்பதில்லை.

அலபாமாவையும் பாருங்கள். 1956-ல் பார்ட் ஸ்டார் அங்கிருந்து 200-வது ஆளாக, பதினேழாவது சுற்றில் எடுக்கப்பட்டார். அவருடைய கடைசி வருஷம் அலபாமா பத்து ஆட்டம் ஆடிப் பத்திலும் தோற்றது, அதிலும் அவருக்கு அதிக வாய்ப்பில்லை. காலேஜின் கூடைப்பந்து கோச் ஒருவர் சிபாரிசு செய்ததால்தான் கிரீன்பே அணி எடுத்தது. மூன்று வருஷம் சுமாராக ஓடியது. 1959-ல் வின்ஸ் லொம்பார்டி கோச்சாக வந்தார். பிறகு ஐந்து சாம்பியன் பட்டம், முதல் இரண்டு சூப்பர் பவுல் உட்பட. ஒன்பது வருஷம் கழித்து அதே அலபாமாவிலிருந்து, இப்போது புகழின் உச்சியில் இருக்கும் அலபாமாவிலிருந்து, ஜோ நேமத் 1965-ல் நியூயார்க் ஜெட்ஸுக்கு 4,27,000 டாலருக்குப் போனார். அன்றைக்கு அது கேட்டிராத தொகை. அவரும் ஒரு சூப்பர் பவுல் வென்றார். ஒரே காலேஜின் இரண்டு பத்திரங்கள், ஒன்று அடிமாட்டு விலைக்கு, ஒன்று உச்ச விலைக்கு.

(சின்ன உபரித் தகவல்: யூனைட்டஸ், நேமத், மொன்டானா, டான் மரினோ, ஜிம் கெல்லி ஐந்து பேருமே மேற்குப் பென்சில்வேனியா நிலக்கரி, எஃகுப் பிரதேசத்துப் பிள்ளைகள். ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு காலேஜ். காலேஜைவிட ஊரைப் பார்த்து எடுத்திருக்கலாம் போலிருக்கிறது!)

அப்படியானால் காலேஜுக்கு ஒரு பங்கும் இல்லையா? இருக்கிறது. பெயரில் அல்ல, பாடத்திட்டத்தில். சில பல்கலைக்கழகங்கள் பந்தை வீசுவதை ஒரு படிப்பாகவே நடத்தின. யூட்டாவின் பிரிகம் யங்கில் லவெல் எட்வர்ட்ஸ் அப்படி நடத்தினார், ஜிம் மக்மகனும் ஸ்டீவ் யங்கும் அவருடைய பட்டறையில் வந்தவர்கள். ஓக்லஹோமா, நெப்ராஸ்கா போன்ற இடங்களில் பல காலம் குவாட்டர்பேக் என்றால் ஓடுபவர், வீசுவது எப்போதாவது. அந்த முறையில் காலேஜ் கோப்பைகள் குவிந்தன. ஆனால் அதே வேலையில் தொழில்முறைக்குப் போகிறவர்களுக்குக் கையில் சரக்கு போதவில்லை. நெப்ராஸ்காவின் எரிக் கிரவுச் 2001-ல் ஹைஸ்மன் வாங்கினார். மறு வருஷம் அவரை எடுத்த அணி, பந்து பிடிக்கும் வேலைக்குத்தான் எடுத்தது.

இதற்குச் சுத்தமான சோதனை டிராய் எய்க்மன். ஒரே ஆள், இரண்டு காலேஜ். முதலில் ஓக்லஹோமாவில், பேரி சுவிட்சரிடம். 1985 அக்டோபரில் மயாமி பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஆடும்போது கணுக்கால் பக்கம் எலும்பு முறிந்தது. அவர் இடத்தில் வந்த புதுப் பையன் ஓடி ஓடியே அந்த வருஷத் தேசியப் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டான். எய்க்மனுக்கு இனி அங்கே வேலை இல்லை. சுவிட்சரே நல்ல மனதோடு உதவி செய்ய, கலிபோர்னியாவில் யூ.சி.எல்.ஏ.வுக்கு மாறினார். அங்கே வீசும் ஆட்டம். 1989-ல் டிராஃப்டின் முதல் ஆள் எய்க்மன், டல்லஸ் கவ்பாய்ஸ் எடுத்தது. அவருக்கு அமைந்த கோச் ஜிம்மி ஜான்சன், நான்கு வருஷம் முன்னால் எய்க்மன் எலும்பை முறித்த அதே மயாமி அணியின் கோச்! மூன்று சூப்பர் பவுல் வந்தது. மூன்றாவதில் கோச் யார்? ஓக்லஹோமாவில் விட்டுப் பிரிந்த பேரி சுவிட்சர். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். ஓக்லஹோமா பெரிய பெயர்தான், யூ.சி.எல்.ஏ. அந்த ஆட்டத்தில் அதைவிடச் சின்னப் பெயர். அவருக்குப் பயன்பட்டது சின்னப் பெயர்.

இன்னொரு பக்கத்தையும் திறக்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகம், மேற்குக் கரையின் பெரிய இடங்களில் ஒன்று. அதன் குவாட்டர்பேக் வாரன் மூன் 1978 ஜனவரி ரோஸ் பவுல் போட்டியில் மிஷிகனைத் தோற்கடித்து ஆட்ட நாயகன் ஆனார். பெரிய காலேஜ், பெரிய வெற்றி, ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தோல் கறுப்பு. குவாட்டர்பேக் வேலைக்கு 'புத்தி' வேண்டும், ஆகவே வேறு இடத்தில் ஆடு என்று கறுப்பு இளைஞர்களிடம் சொல்வது அன்றைய வழக்கம். மூன் மறுத்துக் கனடாவுக்குப் போனார், எட்மன்டன் அணிக்கு ஐந்து கோப்பைகளைத் தொடர்ந்து வாங்கிக் கொடுத்தார். 1984-ல்தான் ஹூஸ்டன் அணி அழைத்தது. 17 வருஷம் ஆடி, 49,325 கெஜம் வீசி, 2006-ல் புகழ்க்கூடத்தில் இடம் பெற்றார்.

அதே 1978 டிராஃப்டில் லூசியானாவின் கிராம்பிளிங் என்ற கறுப்பர் கல்லூரியிலிருந்து டக் வில்லியம்ஸ் முதல் சுற்றில் எடுக்கப்பட்டார். பல அணிகள் எட்டிப் பார்க்காத காலேஜ். தாம்பா பே அணியின் உதவி கோச் ஜோ கிப்ஸ் நேரில் போய்ப் பார்த்து, இவன்தான் என்று எழுதிக் கொடுத்தார். பத்து வருஷம் கழித்து 1988 ஜனவரியில் சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்புக் குவாட்டர்பேக் ஆனார் வில்லியம்ஸ். இரண்டாவது கால் பகுதியில் மட்டும் நான்கு எல்லை வீச்சு, 42-10. கோச் கிப்ஸ்தான். எதிரணியில் ஸ்டான்ஃபோர்டின் ஜான் எல்வே, 1983 டிராஃப்டின் முதல் ஆள். இந்த இரண்டு கதைகளையும் வைத்துப் பார்த்தால், காலேஜ் பெயர் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் பார்த்தது பல நேரம் காலேஜையே அல்ல.

இப்போது முத்திரைகளுக்கு வருவோம். 1989-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரே வேர் ஹைஸ்மன் வாங்கினார். அடுத்து வந்த டேவிட் கிளிங்லர் 1990-ல் ஒரே ஆட்டத்தில் 11 எல்லை வீச்சு. எப்போதும் வீசிக்கொண்டே இருக்கும் ஒரு தனி முறை. இருவரும் முதல் சுற்றில் போனார்கள், இருவரும் சோபிக்கவில்லை. 'முறை ஆட்டக்காரன்' என்ற வசவு அப்போதிலிருந்து பலமாக ஒலிக்க ஆரம்பித்தது. அதாவது, புள்ளிகள் காலேஜின் முறைக்குச் சேர்ந்தவை, பையனுக்கு அல்ல.

கோச் ஜெஃப் டெட்ஃபோர்ட் பட்டறைக்கும் இதே கதி. அவரிடம் பயின்ற டில்ஃபர், அகிலி ஸ்மித், டேவிட் கார், ஜோயி ஹாரிங்டன், கைல் போலர் ஐந்து பேரும் முதல் சுற்று. யாரும் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை (டில்ஃபர் 2001-ல் ஒரு சூப்பர் பவுல் வென்றார், ஆனால் அந்த அணியைத் தூக்கிச் சுமந்தது தடுப்பு ஆட்டம்). ஆனால் அவர்கள் போன வீட்டைப் பாருங்கள். கார் போனது ஹூஸ்டனில் அந்த வருஷம்தான் பிறந்த புது அணிக்கு. 2002 ஒரே சீசனில் அவரை 76 முறை கீழே சாய்த்தார்கள், அது இன்னமும் சாதனைப் பட்டியலில் இருக்கிறது. முதலில் சொன்ன விதி இங்கேதான் வேலை செய்கிறது. நல்ல பெயர் வாங்கிய பையன் முதலில் எடுக்கப்படுவான், முதலில் எடுப்பது இருப்பதிலேயே மோசமான அணி. முதல் ராங்க் வாங்கிய புரொபேஷனரி ஆபீசரை வாராக்கடன் முற்றிய கிளைக்கு முதல் நாளே மேனேஜராகப் போடுவது போல. ஆறு மாதம் கழித்து "அந்தக் காலேஜ் பசங்களே இப்படித்தான்" என்று ரிப்போர்ட் எழுதலாம்.

2005-ல் அந்த முத்திரை ஆரன் ராட்ஜர்ஸ் மேல் விழுந்தது. பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் கூப்பிடாமல் பியூட் என்ற இரண்டு வருஷக் கல்லூரியில் சேர்ந்தவர். அங்கே வேறொரு ஆட்டக்காரரைப் பார்க்க வந்த டெட்ஃபோர்ட் கண்ணில் பட்டு பெர்க்லிக்குப் போனார். டிராஃப்ட் நாளில் முதல் ஆளாக சான்பிரான்சிஸ்கோ எடுத்தது யூட்டாவின் அலெக்ஸ் ஸ்மித்தை. ராட்ஜர்ஸ் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். 24-வது ஆளாக கிரீன்பே எடுத்தது. அங்கே பிரெட் ஃபாவ் என்ற ஜாம்பவான் இருந்ததால் மூன்று வருஷம் பெஞ்ச். ஸ்மித்தோ முதல் வருஷமே களத்தில், எல்லை வீச்சு 1, எதிரணி பிடித்த பந்துகள் 11. அடுத்தடுத்த வருஷங்களில் அவருக்கு ஆட்டமுறை சொல்லிக்கொடுப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2011 பிப்ரவரியில் ராட்ஜர்ஸ் சூப்பர் பவுல் வென்றார். அதே 2011-ல்தான் ஜிம் ஹார்பா கோச்சாக வந்து, ஸ்மித்தின் அணி 13-3 என்று நிமிர்ந்தது. ஆறு வருஷம் 'ஏமாற்றம்' என்று எழுதப்பட்டவர் அதே ஆள்தான், கை மாறவில்லை, காலேஜும் மாறவில்லை.

ஸ்மித் 2013-ல் கான்சஸ் சிட்டிக்குப் போனார். 2017-ல் அந்த அணி டெக்சஸ் டெக்கிலிருந்து பேட்ரிக் மஹோம்ஸை 10-வது இடத்துக்கு முன்னேறி எடுத்தது. டெக்சஸ் டெக் என்றால் அன்றைக்கு முத்திரை குத்தப்பட்ட காலேஜ்களின் தலைவாசல். அங்கே பி.ஜே. சைமன்ஸ் 2003-ல் ஒரே சீசனில் 5,833 கெஜம் வீசினார், டிராஃப்டில் ஏழாவது சுற்று. மஹோம்ஸ் 2016-ல் ஓக்லஹோமாவுக்கு எதிராக 734 கெஜம் வீசி, 66-59 என்று ஆட்டத்தைத் தோற்றவர். தோற்கும் அணி, கேலிக்குரிய முறை. கான்சஸ் சிட்டி அவசரப்படவில்லை. ஒரு வருஷம் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார வைத்தது. தன் வேலையைப் பறிக்க வந்த பையனுக்கு ஸ்மித் மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தார். 2018-ல் மஹோம்ஸ் 50 எல்லை வீச்சு. 2020, 2023, 2024 என்று மூன்று சூப்பர் பவுல்.

இப்போது கணக்கு இன்னும் சிக்கலாகிவிட்டது. 2018-ல் மாணவர்கள் எளிதாகக் காலேஜ் மாறப் பதிவேடு ஒன்று தொடங்கினார்கள், 2021 முதல் மாறிய வருஷமே ஆடலாம் என்றும் ஆனது. ஜோ பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து எல்.எஸ்.யு. போனார். பேக்கர் மேஃபீல்ட் டெக்சஸ் டெக்கிலிருந்து ஓக்லஹோமா போனார். ஜேலன் ஹர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அலபாமாவில் 2018 ஜனவரி தேசிய இறுதிப் போட்டியில் பாதி ஆட்டத்தில் வெளியே உட்கார வைக்கப்பட்டு, அவர் இடத்தில் வந்தவர் கோப்பை வாங்கினார். பட்டம் வாங்கும்வரை அலபாமாவிலேயே இருந்தார். கடைசி வருஷம் ஓக்லஹோமாவில் ஆடி ஹைஸ்மனில் இரண்டாவது வந்தார். பிலடெல்பியா 2020-ல் 53-வது ஆளாக எடுத்தது. 2025 பிப்ரவரியில் மஹோம்ஸின் அணியை 40-22 என்று வென்று ஆட்ட நாயகன்.

டிகிரி அலபாமா, கடைசி சீசன் ஓக்லஹோமா, கோப்பை பிலடெல்பியா. இந்த வரவை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று மச்சினரைக் கேட்டிருக்கிறேன்.